டிஜே படத்துக்கு இசையமைக்க இயற்பியல் எதற்கு?

(படிவம் 4, 5 மாணவர்களுக்கு – இயற்பியல்: அலைகள்)



பண்டார் தெங்காரா வட்டாரத்தில் சனிக்கிழமை இரவு கல்யாண விருந்து என்றால் பெரும்பாலும் டிஜே இருப்பார். என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவன் ஒருவன் வார இறுதியில் அப்படிப்பட்ட ஒரு டிஜேவுக்கு உதவியாளாகப் போகிறான். ஒலிபெருக்கி தூக்குவது, கம்பி சுருட்டுவது, சில வேளைகளில் பாட்டு மாற்றுவது அவன் வேலை. ஒரு திங்கட்கிழமை அலைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், நான் டிஜே ஆகணும். அப்புறம் படத்துக்கு மியூசிக் போடணும். அதுக்கு இந்த பிசிக் எதுக்கு?”

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவன் இதே போலக் கேட்டபோது, “முதலில் எஸ்.பி.எம். பாரு, பாட்டெல்லாம் பிறகு” என்று நான் வாயை அடைத்துவிட்டேன். அது தவறு என்று பின்னால் தோன்றியது. அதனால் இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. “உனக்கு இப்போது என்ன சிக்கல்?” என்று கேட்டேன். உண்மையிலேயே ஒரு சிக்கல் இருந்தது.

அவன் வகுப்பு ஒரு குறும்படம் எடுத்திருந்தது. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் ஒரு பையன் ஓடுகிறான். பேருந்து நிறுத்தத்தை அடையும் நேரத்தில் பேருந்தின் கதவு மூடிவிடுகிறது. அந்தக் காட்சி 32 விநாடி. அதற்கு இவன் கணினியில் இசை செய்திருந்தான். கடைசி முரசடி சரியாகக் கதவு மூடும்போது விழும். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, படத்தொகுப்பு செய்த நண்பன் காட்சியை 34 விநாடியாக நீட்டிவிட்டான். முரசடி இரண்டு விநாடி முன்னதாக விழுந்தது. இவன் இசை முழுவதையும் மெதுவாக ஓடவிட்டான். நேரம் பொருந்தியது. ஆனால் இடையில் ஹம்மிங் பாடிய வகுப்புத் தோழி கேட்டுவிட்டு, “இது என் குரலே இல்லை” என்று சொல்லிவிட்டாள்.

ஏன் அப்படி ஆனது? எப்படிச் சரிசெய்வது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் நான்காம் படிவ இயற்பியல் நூலில், அலைகள் பாடத்தில் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

1. முதலில் மூன்று சொற்கள்

ஒலி ஒரு நெட்டலை. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது காற்று நெருங்கியும் விலகியும் அலையாகப் பரவுகிறது.

அதிர்வெண்: ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்பது. மலாய்ப் பாடநூலில் ‘ஃப்ரெகுவென்சி’. அலகு ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் சுருதி ஏறும். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

வீச்சு: அதிர்வின் அளவு. மலாயில் ‘அம்ப்லிதுட்’. வீச்சு கூடினால் ஒலி உரக்கக் கேட்கும், சுருதி மாறாது.

காலம்: ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம். மலாயில் ‘தெம்போ’. 

இங்கே ஓர் எச்சரிக்கை. இசைக்காரர்கள் சொல்லும் ‘டெம்போ’ வேறு, பாடநூல் ‘தெம்போ’ வேறு. இசையில் டெம்போ என்றால் ஒரு நிமிடத்தில் எத்தனை தாள அடி என்பது. பாடநூலில் தெம்போ என்றால் ஓர் அதிர்வுக்கு எத்தனை விநாடி என்பது. ஒன்று கூடினால் மற்றது குறையும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 60 ÷ 120 = 0.5 விநாடி. தேர்வில் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. டிஜேவின் கை என்ன செய்கிறது?

டிஜே என்பது ‘டிஸ்க் ஜாக்கி’ என்பதன் சுருக்கம். டிஸ்க் என்றால் இசைத்தட்டு. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டை, ஆடுபவரின் கால் தடுமாறாமல் சேர்ப்பதுதான் அவருடைய முதல் திறமை. அதற்கு இரண்டு பாட்டின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-இல் எஸ்எல்-1200 என்ற தட்டுச்சுழற்றியை வெளியிட்டது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், சுழலும் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு நழுவுவிசை இருந்தது. உலகமெங்கும் டிஜேக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி. அடுத்தது 126 அடி என்று வைத்துக்கொள்வோம். முதல் தட்டை 5 விழுக்காடு வேகமாகச் சுழற்றினால் 120 × 1.05 = 126. தாளம் பொருந்திவிட்டது.

ஆனால் தட்டின் பள்ளத்தில் இருப்பது தாளம் மட்டும் அல்ல. ஒவ்வோர் அதிர்வும் அங்கேதான் பதிந்திருக்கிறது. தட்டு 5 விழுக்காடு வேகமாகச் சுழன்றால் எல்லா அதிர்வும் 5 விழுக்காடு வேகமாக ஊசியைக் கடக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரம் 462 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பாடகரின் குரல் கீச்சிடும்.

ஆக, தட்டில் நேரமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். என் மாணவனின் சிக்கல் இதுதான். டிஜேவையும் பட இசையமைப்பாளரையும் பிரிக்கும் கோடும் இதுதான்.

3. படம் இசையைக் காத்திருக்காது

கல்யாண மண்டபத்தில் நேரம் டிஜேவின் கையில். கூட்டம் உற்சாகமாக இருந்தால் இன்னும் நான்கு சுற்று ஓட்டலாம். திரைப்படத்தில் நேரம் படத்தின் கையில். கதவு 32-ஆவது விநாடியில் மூடினால் மூடியதுதான்.

திரையரங்கில் படம் ஒரு விநாடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்கு 24 × 60 = 1,440 சட்டம். எனவே,

ஓர் அடிக்குரிய சட்டங்கள் = 1,440 ÷ நிமிட அடி எண்ணிக்கை

நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்குச் சரியாக 12 சட்டம். 96 அடி என்றால் 15 சட்டம். படச்சுருள் காலத்தில் சுருளின் ஒலித்தடத்தில் இத்தனை சட்டத்துக்கு ஒரு துளை என்று போடுவார்கள். அது ஓடும்போது ‘டிக்’ என்று கேட்கும். இசைக்குழு நடத்துநர் காதணியில் அந்த ‘டிக்’கைக் கேட்டுக்கொண்டே கை அசைப்பார். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது.

டிஜேக்கு நிமிட அடிக் கணக்கு கைவந்த கலை. அந்தக் கணக்கைப் படச்சட்டக் கணக்கோடு சேர்க்கத் தெரிந்தால், அவர் படத்துக்கு இசையமைக்கும் முதல் படியைத் தாண்டிவிட்டார்.

4. தமிழ்ப் படத்தில் மின்னணு இசை

நம் மொழிப் படங்களில் இது எப்படி வந்தது? 1986-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘புன்னகை மன்னன்’ வந்தது. இசை இளையராஜா. நடனம் பற்றிய அந்தப் படத்தில் கணினி வழி தாளத்தையும் சுரத்தையும் வரிசைப்படுத்தும் ‘சீக்குவென்சர்’ பயன்பட்டது. இந்தியப் படங்களில் அது ஒரு முன்னோடி முயற்சி.

அக்காலத்தில் இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்த இளைஞர்களில் ஒருவர் திலீப். 1967-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஆர். கே. சேகர் மலையாளப் பட இசைத்துறையில் பணியாற்றியவர். திலீப்புக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. சிறுவயதிலேயே விசைப்பலகை வாசிக்கப் போனார். பின்னர் விளம்பரப் படங்களுக்குக் குறும் இசை அமைத்தார். 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். அவர்தான் ஏ. ஆர். ரஹ்மான். அங்கே உருவான முதல் பட இசை மணிரத்னத்தின் ‘ரோஜா’. படம் 1992 ஆகஸ்டு 15-இல் வெளிவந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது.

ரஹ்மான் டிஜே அல்லர். ஆனால் இன்றைய டிஜே வீட்டறையில் கணினியின் முன் அமர்ந்து இசை செய்வதைப் போல, தமிழ்ப் பட இசையைத் தம் வீட்டுக் கூடத்திலேயே அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்கிக் காட்டியவர் அவர். விளம்பர இசையில் அவர் பெற்ற பயிற்சியும் கவனிக்கத்தக்கது. முப்பது விநாடி விளம்பரம் என்றால் இசையும் அந்த முப்பது விநாடிக்குள் தொடங்கி முடிய வேண்டும். நேரத்துக்குள் இசையை அடக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. யோகி பி – நட்சத்ரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில் ‘மடை திறந்து’ பாடல், 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாடலை எடுத்துப் புதிய தாளத்தில் அமைத்தது. பழைய இசையின் ஒரு பகுதியைப் புதிய இசைக்குள் பொருத்துவது டிஜே மரபு. பொருத்தும்போது நேரமும் சுருதியும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மீண்டும் அதே சிக்கல்!

5. கட்டை அவிழ்த்த கண்டுபிடிப்பு

நேரத்தையும் சுருதியையும் பிரித்தது எது? ஒலியை எண்ணாக மாற்றியதும், இசையைக் கட்டளையாக மாற்றியதும்.

முதலில் எண். ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும். அந்த மின்னழுத்தத்தைக் கணினி விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்ளும். குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 அளவு. ஏன் இவ்வளவு? ஓர் அலையைச் சரியாகப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். நாம் கேட்கும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ். இரு மடங்கு 40,000. அதற்குச் சற்று மேலே 44,100. படத்துறையில் வழக்கமாக 48,000. இதை 24 சட்டத்தால் வகுத்துப் பாருங்கள்: ஒரு படச்சட்டத்துக்குச் சரியாக 2,000 அளவு. கதவு மூடும் ஒரே ஒரு சட்டத்துக்குள்ளேயே இசையை 2,000 இடங்களில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.

அடுத்து கட்டளை. 1983-இல் ‘மிடி’ என்ற பொது முறை அறிமுகமானது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ ககேஹாஷியும் இதில் முக்கியமானவர்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி இது. மிடியில் ஒலியே கிடையாது! ‘எந்த விசை, எவ்வளவு அழுத்தம், எப்போது’ என்ற கட்டளை மட்டுமே உண்டு. 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் எண் 69. அழுத்தம் 0 முதல் 127 வரை.

சமையலோடு ஒப்பிடலாம். ஒலிப்பதிவு என்பது சமைத்த சாப்பாடு. மிடி என்பது சமையல் குறிப்பு. சமைத்த பிறகு உப்பைக் குறைக்க முடியாது. குறிப்பில் என்றால் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். அளவிலும் வேறுபாடு பெரிது: ஒரு விசையை அழுத்தும் மிடிக் கட்டளைக்கு 3 பைட்டு; இரு தட ஒலியின் ஒரு விநாடிக்குக் குறுந்தட்டுத் தரத்தில் 44,100 × 2 × 2 = 1,76,400 பைட்டு.

கட்டளையில் ‘எப்போது’ என்பதும் ‘எந்தச் சுரம்’ என்பதும் தனித்தனி எண். ‘எப்போது’ என்பதை மாற்றினால் சுரம் அசையாது. கட்டு அவிழ்ந்தது.

6. அந்த இரண்டு விநாடி

இப்போது என் மாணவனின் குறும்படத்துக்கு வருவோம்.

முதல் கணக்கு: நிமிடத்துக்கு 120 அடி, 32 விநாடி. மொத்த அடி = 120 × 32 ÷ 60 = 64. நான்கடி ஓர் ஆவர்த்தனம் என்றால் சரியாக 16 ஆவர்த்தனம். அடுத்த அடி கதவு மூடும் அடி.

காட்சி 34 விநாடி ஆனதும் அதே 64 அடி 34 விநாடியில் வர வேண்டும்:

புதிய வேகம் = 64 × 60 ÷ 34 = 112.9 (நிமிடத்துக்கு)

இதுவரை அவன் சரியாகத்தான் செய்தான். ஆனால் முடிந்த ஒலிக்கோப்பைத் தட்டு சுழற்றுவதைப் போல மெதுவாக்கினான். வேகம் 112.9 ÷ 120 = 0.941 மடங்கானது. எனவே 440 ஹெர்ட்ஸ் சுரம் 440 × 0.941 = 414 ஹெர்ட்ஸ் ஆனது.

விசைப்பலகையில் அடுத்தடுத்த இரண்டு விசைகளின் அதிர்வெண் விகிதம் ஏறக்குறைய 1.0595. 440-ஐ அதால் வகுத்தால் 415. ஆக, அந்தப் பெண்ணின் குரல் ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிட்டது. குரலின் சாயலும் கனத்துவிட்டது. “இது என் குரலே இல்லை” என்று அவள் சொன்னது அறிவியல்படி முற்றிலும் சரி.

தீர்வு என்ன? முரசும் விசைப்பலகையும் கணினியில் கட்டளையாகவே இருந்தன. மூலக் கோப்பைத் திறந்து வேகத்தை 112.9 என்று மாற்றினான். சுருதி மாறாமல் இசை 34 விநாடிக்கு நீண்டது. ஹம்மிங் மட்டும் ஒலிப்பதிவு. அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒலியைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, துண்டுக்குள் அதிர்வை மாற்றாமல் துண்டுகளைச் சற்றே நீட்டி ஒட்டும் மென்பொருள். இன்றைய டிஜே கருவிகளில் சுருதிப் பூட்டு இப்படித்தான் இயங்குகிறது. அதிகம் நீட்டினால் குரல் நடுங்கும். இன்னொன்று, மீண்டும் பாடவைப்பது. அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். மதிய உணவு நேரத்தில் அறிவியல் கூடத்தின் மின்விசிறிகளை அணைத்துவிட்டுப் பதிவு செய்தார்கள். கதவும் முரசும் ஒன்றாக விழுந்தன.

7. அலையின் வடிவம்தான் குரலின் சாயல்

நேரம் பொருந்தினால் மட்டும் பட இசை ஆகிவிடாது. காட்சிக்கேற்ற ஒலிநிறம் வேண்டும். ஒரே சுருதி, ஒரே வீச்சு. ஆனாலும் புல்லாங்குழலும் நாதஸ்வரமும் வேறாகக் கேட்பது ஏன்? அடிப்படை அதிர்வோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுகளும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதால். இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம்.

மின்னணுக் கருவி மூன்று படிகளில் ஒலியைச் செய்கிறது.

முதல் படி, அலை உண்டாக்குதல். சைன் அலையில் மேற்சுரமே இல்லை. மெல்லிய விசில் போலக் கேட்கும். சதுர அலையில் 1, 3, 5 என ஒற்றைப்படை மடங்குகள். உள்ளீடற்ற மூங்கில் போன்ற ஒலி. இரம்பப்பல் அலையில் எல்லா மடங்கும் உண்டு, கூர்மையான ஒலி.

இரண்டாம் படி, வடிகட்டல். உயர் அதிர்வெண்களை வடிகட்டினால் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல மங்கலாகக் கேட்கும். வடிகட்டியை மெல்லத் திறந்தால் ஒலி நெருங்கி வருவது போலத் தோன்றும். டிஜேக்கள் கூட்டத்தை எதிர்பார்க்க வைப்பது இதனால்தான். படத்தில் ஏதோ நடக்கப்போகிறது என்ற பதற்றத்துக்கும் இதே உத்தி.

மூன்றாம் படி, வீச்சைக் காலத்தோடு மாற்றுதல். எழுச்சி, தணிவு, நிலைப்பு, மறைவு என நான்கு கட்டங்கள். தவிலடி நொடியில் எழுந்து மறையும். வயலின் மெல்ல எழுந்து வில் நகரும்வரை நிலைக்கும்.

மற்றொரு எளிய உத்தி: 440 ஹெர்ட்ஸையும் 444 ஹெர்ட்ஸையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், குறுக்கீட்டால் ஒலி விநாடிக்கு 4 முறை ஏறி இறங்கும். பயக்காட்சிகளில் மனம் அமைதியிழப்பதற்கு இத்தகைய அதிர்வும் ஒரு காரணம்.

அப்படியானால் கணினியே போதுமா? பிரான்சின் டாஃப்ட் பங்க் இருவர் குழுவைப் பாருங்கள். நடன அரங்கு மின்னணு இசையில் உலகப் புகழ் பெற்றவர்கள். 2010-இல் வந்த ‘ட்ரான்: லெகசி’ படத்துக்கு இசையமைத்தபோது, மின்னணு ஒலியோடு லண்டனில் சுமார் 85 பேர் கொண்ட இசைக்குழுவையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். நெதர்லாந்தின் ஜங்கி எக்ஸ்எல் என்ற டிஜே 2015-இல் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ படத்துக்கு இசையமைத்தபோதும் மின்னணுவோடு இசைக்குழு ஒலியும் முரசும் சேர்ந்தன. உயிருள்ள கருவியின் மேற்சுரங்கள் ஒவ்வோர் அடிக்கும் சற்றே மாறும். கணினியில் அதை அப்படியே செய்வது கடினம்.

இதை நம் மிருதங்கத்தைவிடச் சிறப்பாகச் சொல்லும் கருவி இல்லை. சாதாரண முரசுத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படையைப் போல் 1.59, 2.14 மடங்கு என முழு எண்ணாக அமையாது. அதனால் அது ‘டம்’ என்ற ஓசையாக நின்றுவிடும், சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு தோலின் எடையைக் கூட்டி, அந்த மேலதிர்வுகளை முழு எண் மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது. இதை ஆராய்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சர் சி. வி. ராமன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து. ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற அதே ராமன்தான். நம் கைவினைஞர்கள் காதால் கண்டதை அவர் கணக்கால் காட்டினார்.

8. காது ஒன்றுதான் முதலீடு

மாணவனிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி: “திங்கட்கிழமை காலையில் ஏன் ‘என்ன டீச்சர், என்ன டீச்சர்’ என்று கேட்கிறாய்?” காதில் ‘ஙொய்’ என்று ஒலிக்கிறதாம். “அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் போயிடும் டீச்சர்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உட்காதின் நத்தை எலும்பில் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. மிகை ஒலியில் அவை சாய்ந்து களைக்கின்றன. திரும்பத் திரும்ப நடந்தால் அழிகின்றன. அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான் முதலில் போகும்.

அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளில் 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் அரை மணி, 100 டெசிபலில் 15 நிமிடம். பெரிய ஒலிபெருக்கிக்கு அருகில் 100 டெசிபல் எளிதாக வந்துவிடும்.

திறந்த வெளியில் தூரத்தை இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. ஆகவே தள்ளி நில்லுங்கள், காதடைப்பான் அணியுங்கள், மணிக்கு ஒருமுறை வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். நல்ல இசையமைப்பாளருக்குக் கணினியை மாற்றலாம், காதை மாற்ற முடியாது.

இப்போது அவன் காதடைப்பான் போட்டுக்கொண்டுதான் போகிறான். குறும்படத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அலைகள் பாடத்தில் ‘காலம்’, ‘அதிர்வெண்’ என்று எழுதும்போது அவன் எழுதுகோல் இப்போது தயங்குவதில்லை. எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கும் மாணவர்களே, இசை பிடிக்கும் என்பதற்காக இயற்பியலை விட்டுவிடாதீர்கள். இசைக்கே அது வேண்டும்.

செய்து பார்

தேவை: கணினி, ‘ஆடாசிட்டி’ என்ற இலவச ஒலி மென்பொருள், ஒலிவாங்கி.

1. உங்கள் குரலில் 10 விநாடி ஏதேனும் பேசிப் பதிவு செய்யுங்கள்.
2. அதன் நகலில் வேகத்தை மாற்றும் கட்டளையைக் கொடுத்து 10 விழுக்காடு குறையுங்கள். சுருதி என்ன ஆனது?
3. இன்னொரு நகலில் டெம்போவை மட்டும் மாற்றும் கட்டளையைக் கொடுத்து அதே அளவு குறையுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள்.
4. 440, 444 ஹெர்ட்ஸ் சைன் அலைகளை இரண்டு தடங்களில் உருவாக்கி ஒன்றாகக் கேளுங்கள். ஒலியளவைக் குறைவாக வையுங்கள். விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது?

பயிற்சி

1. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தில் ஓர் அடிக்கு எத்தனை சட்டம்?
2. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் எனில், 50 ஹெர்ட்ஸ் முரசொலியின் அலைநீளம் என்ன?
3. 40 விநாடிக் காட்சியில் 64 அடி சரியாகப் பொருந்த வேண்டும். வேகம் என்ன?
4. மண்டபத்தில் ஒலி 91 டெசிபல். காதடைப்பான் இல்லாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம்?
5. உயர்நிலைச் சிந்தனை: அடுத்த அறையில் டிஜே இசை ஓடும்போது பாட்டின் சொற்கள் கேட்பதில்லை, ‘தும் தும்’ மட்டும் கேட்கிறது. ஏன்?

விடைகள்

1. 1,440 ÷ 90 = 16 சட்டம்.
2. 340 ÷ 50 = 6.8 மீட்டர்.
3. 64 × 60 ÷ 40 = நிமிடத்துக்கு 96 அடி.
4. 2 மணி நேரம்.
5. குறை அதிர்வெண் ஒலிக்கு அலைநீளம் அதிகம். திறப்புகளிலும் மூலைகளிலும் அது நன்றாக விளிம்பு வளைவுறும். சுவரும் உயர் அதிர்வெண் ஒலியை அதிகம் தடுக்கிறது. குறை அதிர்வெண் எளிதில் ஊடுருவுகிறது. சொற்களைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஒலிகள் பெரும்பாலும் உயர் அதிர்வெண் கொண்டவை. அவை மறுபக்கம் வந்துசேர்வதில்லை.